200 ரூபாய் வழக்கு

பழுதான காருக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டால், சட்டப்படியான பதிலை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். காருக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். 10 முதல் 20 லட்சம் வரை 400. 20 முதல் 50 லட்சம் வரை 1,000. என் கார் 8.7 லட்சம், அதனால் 200 ரூபாய் கட்டினேன். வேளச்சேரியில் இரண்டு பேர் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டாலே அதைத் தாண்டிவிடும்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்துவிடுகிறது. “அப்ப ஏன் சார் யாருமே கேஸ் போடுறதில்ல?” என்கிறார்கள். நல்ல கேள்விதான். இந்தக் கட்டுரையே அதற்கான பதில். வாசலில் வாங்காத பணத்தையெல்லாம் உள்ளே போன பிறகு வேறு வேறு இடங்களில், வேறு வேறு பெயர்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதிக்கு ரசீது கூடக் கிடையாது.

வண்டியை 2021 கடைசியில் வாங்கினேன். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம். வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது, தவிர இது எந்தக் கம்பெனி வண்டிக்கும் நடக்கக்கூடியதுதான். ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச் பெடல் இல்லாமல் மோட்டாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கியர் மாற்றிக்கொள்ளும் ரகம். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வண்டி உதறும். கத்திப்பாரா மேம்பாலத்தில் நெரிசலில் நின்று நின்று ஏறினால், சில நேரம் கியர் தானாக நியூட்ரலுக்குப் போய்விடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பின்னோக்கி உருள ஆரம்பிக்கும். பின்னால் மாநகரப் பேருந்து நின்றுகொண்டிருக்கும்போது இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று ஏஎம்டி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வீஸில் விட்டேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்தார்கள். மறுபடி விட்டேன், கிளட்ச் செட்டை மாற்றினார்கள். அப்புறம் ஆக்சுவேட்டரை, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி கியரை மாற்றுகிற மோட்டார் பாகத்தைக் கழற்றி மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதை. சர்வீஸ் அட்வைசர் மரியாதையான பையன். “சார், ஏஎம்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நீங்க மேனுவல் ஓட்டிப் பழகினவங்க, அதான் உங்களுக்குத் தெரியுது” என்றான். 8.7 லட்சம் ரூபாய் வண்டியில் குறையைக் கவனித்ததே என் குறை என்கிற மாதிரி!

ஒவ்வொரு சர்வீஸுக்கும் அவர்கள் எழுதித் தருகிற ஜாப் கார்டுகளில் இருந்தது இன்னும் சுவாரசியம். வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தில் ‘உதறல்’ என்று இருக்கும். கீழே, ‘ஓட்டிப் பார்க்கப்பட்டது, குறை காணப்படவில்லை’ என்று இருக்கும். அதற்கும் கீழே, காணப்படாத குறைக்காக மாற்றிய பாகத்தின் எண் இருக்கும். பின்னால் வழக்கில் எனக்குக் கை கொடுத்தது முதலில் இந்த மூன்று வரிகள்தான்.

வாரண்டியில் இருக்கும்போது எல்லாம் இலவசம் என்பதால் காலம் போவது உறைக்காது. சட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 69-வது பிரிவு: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அந்த மன்னிப்புக்கே தனி மனு, அதற்குத் தனி வாதம். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கலாம்’ என்று ஷோரூம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் இந்த இரண்டு ஆண்டில் கொஞ்சம் கரைகிறது. அதனால் முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே வக்கீலைப் பார்க்கத் தம்புச் செட்டி தெருவுக்குப் போனேன்.

வக்கீலே வைக்காமல் நாமே ஆஜராகலாம், சட்டம் அனுமதிக்கிறது. மிக்ஸி, செல்போன் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நானே எல்லோரிடமும் சொல்கிறேன். கார் வழக்கில் எதிரே இரண்டு பேர் நிற்பார்கள்: உற்பத்தியாளர் ஒருவர், விற்பனையாளர் ஒருவர். இரண்டு பேருக்கும் தனித்தனி வக்கீல். ‘குறை இருந்தால் அது தயாரிப்பில், எங்களிடம் இல்லை’ என்பார் விற்பனையாளர். ‘குறை இருந்தால் அது பராமரிப்பில், எங்களுக்கும் டீலருக்கும் இடையே சரக்கு வாங்கி விற்கும் ஒப்பந்தம்தான்’ என்பார் உற்பத்தியாளர். இந்த இரண்டாவது வாதம் வெறும் சாக்கு அல்ல. 2021-ல் டாடா மோட்டார்ஸ் தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே, டீலர் செய்த தவறுக்கு உற்பத்தியாளரின் பங்கை நிரூபிக்காமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. இரண்டு பேரும் பந்தை ஒருவர் பக்கம் இன்னொருவர் தள்ளும்போது நடுவில் நின்று பிடிக்க எனக்குத் தெம்பில்லை. ஆகவே வக்கீல்.

பெரியவர், பழுத்த அனுபவம். ஃபைலைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, “தம்பி, உங்களுக்குப் புது வண்டி வேணுமா, இல்ல இந்த வண்டி சரியாகணுமா?”

புது வண்டிதான் என்றேன். காசைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி என்றேன்.

“அது வேற கேஸ், இது வேற கேஸ். ரெண்டுக்கும் செலவும் வேற, வருஷமும் வேற. ரெண்டையும் கேட்போம். ஆனா எது வரும்னு நான் இப்பவே எழுதித் தரேன்” என்று சிரித்தார்.

அவர் மனதில் இருந்தது 2006-ம் ஆண்டின் மாருதி உத்யோக் வழக்கு. பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடிகிற குறை என்றால், வாரண்டியின் கடமை பாகத்தை மாற்றுவதோடு நின்றுவிடும், முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்வது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் அதில் கூறியது. அதன் பிறகு நாட்டில் எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும் கார் கம்பெனி வக்கீல் எடுத்து நீட்டுகிற முதல் காகிதம் அது. மறுபக்கமும் உண்டு. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் வண்டி வழக்கில், 2022 ஏப்ரலில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குபவர் என்ன இயற்பியல் வல்லுநரா என்ற தொனியில் அதே நீதிமன்றம் கேட்டது, இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. ஆனால் அது உயிர் காக்கும் பாகம். கியர் உதறுவதற்கு அந்த மரியாதை கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

வக்கீல் கட்டணம் 35,000, தவணையாக. ஜூனியர், டைப்பிங், நோட்டரி எல்லாம் தனி. இது சென்னை நிலவரத்துக்கு மலிவு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1986-ம் ஆண்டின் பழைய சட்டத்தில், எதிர் தரப்புக்கு எங்கே அலுவலகமோ, எங்கே பிரச்சினை எழுந்ததோ அங்கேதான் வழக்கு. இப்போது நாம் குடியிருக்கும் ஊரிலேயே, வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனியின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும் புனேயில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். வேளச்சேரிக்காரனுக்குச் சென்னை தெற்கு. ரயிலில் ஏறினால் பார்க் டவுனில் இறங்கிவிடலாம். இந்த ஒரு மாற்றத்துக்காக 2019 சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு.

கும்பிடு அங்கேயே முடிந்தது. பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கு என்றால் மூன்று மாதம், சோதிக்க வேண்டுமென்றால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 38-வது பிரிவு சொல்கிறது. 2022-ல் போட்ட என் வழக்கில் உத்தரவு வந்தது 2025-ல். ஆணையத்தில் இருப்பவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தலைவர், உறுப்பினர் இடங்கள் நாடு முழுக்கக் காலியாகக் கிடந்ததை 2021-ல் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தது. உட்கார ஆளில்லாவிட்டால் வாய்தாதான். எதிர் தரப்பு பதிலுரை தர 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கறாராகத் தீர்த்துவிட்டது, அதனால் பதிலுரை வரை எல்லாம் சுறுசுறுப்பாக நடக்கிறது. அதன் பிறகு பிரமாணப் பத்திரம், எழுத்து மூலமான வாதுரை, ‘சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எனக்கு அரை நாள் விடுப்பு.

இனி நிபுணர். கார் வழக்கில் மிக விலை உயர்ந்த பாகம் இதுதான், எஞ்சின் அல்ல.

வண்டியில் உற்பத்திக் குறை இருக்கிறது என்று நான் சொன்னால் போதாது. கண்ணால் பார்த்துத் தெரியாத குறை என்றால் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கலாம் என்று சட்டம் வழி செய்கிறது. அறிக்கைக்கு 45 நாள் கெடு என்றும் சொல்கிறது. அதே பிரிவின் அடுத்த வரியில், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டும் என்கிறது. அதாவது குறையோடு வண்டியைச் செய்தவர் அவர், குறை இருக்கிறதா என்று பார்க்கக் காசு கொடுப்பவன் நான்.

மிக்ஸியைப் பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். காரை எங்கே அனுப்புவது? சென்னையில் இதைக் கேட்பதே ஒரு வேடிக்கை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வண்டி செய்கிற ஊர் இது. ஒரகடத்திலேயே ஜிஏஆர்சி என்ற மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பரந்த இடம், சோதனை ஓட்டத் தடங்கள், மோதல் சோதனைக் கூடம் எல்லாம் உண்டு. ஆனால் அடிப்படையில் அது புது மாடலுக்குச் சான்றிதழ் வாங்க வரும் நிறுவனங்களுக்கான இடம். மூன்று வருடப் பழைய வண்டியோடு வேளச்சேரியிலிருந்து வருகிறவனுக்கானது அல்ல. நடைமுறையில் ஆணையங்கள் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோதான் நாடுகின்றன.

நிபுணரை நியமிக்கக் கோரி நாங்கள் மனுப் போட்டோம். அதற்கு ஆட்சேபணை. மனு ஏற்கப்பட்டதும், நாங்கள் சொன்ன பேராசிரியர் மேல் ஆட்சேபணை. அவர்கள் சொன்ன ஆள், அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே வேலை பார்த்தவர், அதனால் எங்கள் ஆட்சேபணை. கடைசியில் ஆணையமே ஒரு பேராசிரியரையும், ஆணையத்தின் சார்பில் உடன் போக ஒரு வக்கீலை வழக்கறிஞர் ஆணையராகவும் நியமித்தது. பேராசிரியருக்கு 15,000, வழக்கறிஞர் ஆணையருக்கு 10,000. இரண்டையும் நான்தான் முன்பணமாகக் கட்டினேன். ஆய்வு நாளன்று வழியில் வண்டிக்கு ஏதாவது ஆகி அதையே காரணமாகச் சொல்லிவிடக் கூடாது என்று ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனேன். அதற்கு 4,500. எதிர் தரப்பிலிருந்து மூன்று எஞ்சினீயர்கள், ஒரு லேப்டாப், இரண்டு வக்கீல்கள். என் பக்கம் நான், ஜூனியர் வக்கீல், ஒரு ஃபிளாஸ்க் காபி.

அன்று வண்டி நன்றாக உதறியது. வாழ்க்கையில் முதல் முறையாக என் கார் உதறியதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

அறிக்கை வந்தது. மெதுவான வேகத்தில் கியர் மாறும்போது உதறல் இருக்கிறது, ஏற்றத்தில் நியூட்ரலுக்குப் போகிறது, காரணம் ஆக்சுவேட்டர் தொகுதியும் அதன் கட்டுப்பாட்டு யூனிட்டும், ஓட்டுகிற முறை காரணமல்ல. படிக்கப் படிக்க இனித்தது. கடைசிப் பத்தியில், அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றினால் குறை நீங்கும் என்று இருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “புது வண்டி போச்சு தம்பி” என்றார். பேராசிரியர் நேர்மையாகத்தான் எழுதியிருந்தார். சரிசெய்யக்கூடிய குறை என்றாலே 2006 தீர்ப்பு வந்து நின்றுவிடும். நான் 25,000 கொடுத்து வாங்கிய அறிக்கை என்னை வழக்கில் ஜெயிக்கவும் வைத்தது, கேட்டதில் பாதியைக் கிடைக்காமலும் செய்தது.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று எந்த வக்கீல் பில்லிலும் வராது. வண்டியை வைத்திருக்கிற செலவு.

வழக்கு நடக்கும்போது வண்டியை விற்கக் கூடாது. அனுமதி வாங்காமல் இடையில் விற்றுவிட்டவர் நுகர்வோர் என்ற தகுதியையே இழந்துவிடுகிறார் என்று தேசிய ஆணையம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்றுவிட்டால் நிபுணர் பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே அந்த வண்டி சாட்சிப் பொருளாக நம் வீட்டு பார்க்கிங்கில் நிற்க வேண்டும். அதை ஓட்டலாமா? ஓட்டினால், ‘பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் குறை என்கிறார்’ என்று எதிர் தரப்பு ஓடோமீட்டரைப் படம் பிடித்துத் தாக்கல் செய்யும். என் வழக்கில் செய்தார்கள். ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கும், டயர் இறுகும், ‘பராமரிக்காமல் போட்டுவைத்ததால் வந்த குறை’ என்பார்கள். நான் இரண்டுக்கும் நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் தரமணி சாலைவரை போய்வருவது என்று வைத்துக்கொண்டேன். கோயிலுக்குத் தேர் இழுக்கிற மாதிரி வாரம் ஒருமுறை. மற்ற நாள் மனைவியின் ஸ்கூட்டர், மழை பெய்தால் வாடகை டாக்ஸி. மாதத் தவணை 14,500 சொச்சம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. வண்டி சரியில்லை என்று வழக்குப் போட்டால் பேங்க் தவணையை நிறுத்தாது. நாமே நிறுத்தினால் நம் கடன் மதிப்பெண்தான் விழும்.

இன்சூரன்ஸும் அப்படியே, ஓடாவிட்டாலும் கட்ட வேண்டும். அந்தப் பாலிசித் தாளில்தான் இன்னொரு கணக்கு கண்ணில் பட்டது. ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கணக்கில் வண்டிக்குப் போடும் மதிப்பு, எப்படிக் குறைகிறது என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை: வாங்கி ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் 15 சதவீதம் கழிவு, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. என் 8.7 லட்சம், வழக்குத் தொடுத்தபோது ஏழு லட்சத்தைச் சுற்றி இருந்தது. உத்தரவு வந்தபோது 5.22 லட்சம். சந்தை விலையில் இதைவிடக் குறைவு, ஏனென்றால் உதறுகிற வண்டியை யாரும் அட்டவணை விலைக்கு வாங்கமாட்டார்கள். வாய்தா ஒன்று தள்ளிப்போனால் அரை நாள் சம்பளம் மட்டும் போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சராசரி எடுத்தால் மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் மதிப்பு வீட்டு பார்க்கிங்கிலேயே ஆவியாகிக்கொண்டிருந்தது.

ஆயுள் வரியைச் சேர்க்கவில்லை. நான் வாங்கியபோது 10 லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு 10 சதவீதம், அதாவது 87,000. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் அதை உயர்த்தினார்கள். இப்போது 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. காசைத் திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போடுகிறவர்கள் இந்த வரியையும் இன்சூரன்ஸையும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

2024 அக்டோபர் மழை ஞாபகம் இருக்கும். ரெட் அலர்ட் என்றதும் வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினோம், டிவியில் கூடக் காட்டினார்கள். அந்த வரிசையில் என் சாட்சிப் பொருளும் நின்றது. மற்றவர்களுக்கு வண்டி போய்விடுமே என்ற கவலை. எனக்கு வழக்கு போய்விடுமே என்ற கவலை. ஒரு சொட்டு வெள்ளம் உள்ளே போயிருந்தால், ‘நீரில் மூழ்கிய வண்டி’ என்ற மூன்று சொல்லில் எதிர் தரப்பு வேலையை முடித்திருக்கும். எங்கள் தெருவில் அன்று ராத்திரி பாலத்துக்கு நடந்துபோய், நின்ற காரையே பார்த்துவிட்டு வந்த ஆள் நான் ஒருவன்தான்.

அண்ணன் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். வீடியோ காலில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சித்தப்பா, இங்க வக்கீல் ஃபீஸை கார் கம்பெனிதானே குடுக்கணும்?” என்றான். உண்மைதான். அங்கே 1970-ல் கொண்டுவந்த நுகர்வோர் வாரண்டிச் சட்டத்தில் வாங்கியவர் ஜெயித்தால் அவருடைய வக்கீல் கட்டணத்தையும் உற்பத்தியாளரே தர வேண்டும். அதனால் வக்கீல்களே வாடிக்கையாளரிடம் காசு வாங்காமல் வழக்கை எடுக்கிறார்கள். பழுதான காருக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், குறையுள்ள வண்டிகளை அரசே திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் வந்தது, 2021 ஏப்ரல் முதல் விதிகளும் நடைமுறையில் உள்ளன. அது ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஒரே ஆபத்தான குறை என்றால் உதவும். தனி ஒருவனின் கியர் உதறலுக்கு அங்கே வரிசையில் இடமில்லை.

ஆனால் நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 39-வது பிரிவு, போதுமான வழக்குச் செலவுத் தொகை வழங்க ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ‘போதுமான’ என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் பத்திரிகையில் வருகிற நுகர்வோர் தீர்ப்புச் செய்திகளைப் பாருங்கள்: மன உளைச்சலுக்கு இவ்வளவு, வழக்குச் செலவுக்கு 5,000 அல்லது 10,000. யானை விலை வழக்கானாலும் பூனை விலை வழக்கானாலும் செலவு அதேதான். என் கோபமெல்லாம் இந்த வரியின் மேல்தான். கம்பெனிக்கு வழக்கை இழுப்பதால் நஷ்டமே இல்லை, தோற்றால்கூட என் உண்மையான செலவை அவர்கள் தரப்போவதில்லை. பிறகு ஏன் இரண்டாவது சர்வீஸிலேயே அந்த ஆக்சுவேட்டர் தொகுதியை மாற்றித் தந்திருக்க வேண்டும்? கணக்குப் பார்க்கத் தெரிந்த எந்த மேனேஜரும் மாற்றமாட்டார்.

எங்கள் பெரியவர் இதற்கு ஒரு வேலை செய்தார். வாதம் முடியும் நாளில், செலவு விவரம் என்று ஒரு தாள் தாக்கல் செய்தார். நிபுணர் கட்டணம் கட்டிய சலான், லாரி ரசீது, ஜெராக்ஸ் கடை பில், தபால் ரசீது எல்லாம் இணைப்பு. எதிர் தரப்பு வக்கீல் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆணையம் சிரிக்கவில்லை.

உத்தரவு: தொகுதி முழுவதையும் இலவசமாக மாற்ற வேண்டும், அதற்கு இரண்டு ஆண்டு புது வாரண்டி, மன உளைச்சலுக்கு 75,000, வழக்குச் செலவுக்கு 30,000, இரண்டு மாதத்தில் தராவிட்டால் 9 சதவீத வட்டி. அந்த 30,000-ஐப் பார்த்து ஜூனியர் பெண் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள்.

அவர்கள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போனார்கள். 45 நாள் அவகாசம் உண்டு, ஆனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். நமக்கும் திரும்ப வக்கீல் கட்டணம். பெரியவர் 25,000 என்றார், கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். இதற்குள் அந்தப் பக்கத்து வக்கீலே போன் செய்தார். பாகத்தை மாற்றித் தருகிறோம், மொத்தமாக 90,000 தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்றார். 1,05,000-க்கு உத்தரவு கையில் இருக்கும்போது எதற்கு 90,000 என்று மனைவி கேட்டாள். அந்த 15,000-க்காக இன்னொரு 25,000 கட்டி, இன்னும் இரண்டு வருடம் போய்வர வேண்டும் என்றேன். “அப்ப வாங்கிட்டு வாங்க” என்றாள்.

பெரிய காராக இருந்தால் கதை வேறாக இருந்திருக்குமோ என்று நினைத்ததுண்டு. 2009 செப்டம்பரில் வாங்கிய நாலாம் நாளே கோளாறான ஒரு பிஎம்டபிள்யூவுக்கு, உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொல்லி வழக்கை முடித்தது 2024 ஜூலையில். அதுவும் குற்றவியல் வழக்காகப் போன விவகாரம். இடையில் 2012-ல் உயர் நீதிமன்றம் புது வண்டி தரச் சொல்லியும் வாங்கியவர் அதை ஏற்கவில்லை. அவர்களால் பதினைந்து வருடம் காத்திருக்க முடிந்திருக்கிறது.

என் கணக்கை எழுதிவிடுகிறேன். வக்கீல் 35,000. ஜூனியர், டைப்பிங், நோட்டரி 6,000. நிபுணரும் வழக்கறிஞர் ஆணையரும் 25,000. லாரி 4,500. நகல், தபால் 5,000. ஆணையக் கட்டணம் 200. மொத்தம் 75,700. வந்தது 90,000. மிச்சம் 14,300, ஒரு மாதத் தவணைக்குச் சற்றுக் குறைவு. விடுப்பு, டாக்ஸி, நின்ற வண்டிக்கான இன்சூரன்ஸ், மதிப்புத் தேய்மானம் எதுவும் இதில் இல்லை. இதற்கு வருமா என்று கேட்டால், வந்தது என்றுதான் சொல்வேன். வண்டி இப்போது கத்திப்பாராவில் உருளாமல் ஏறுகிறது. அதைச் செய்ய அவர்களுக்கு ஒருநாள் வேலை. என்னிடம் மூன்று வருடம் பிடுங்கிக்கொண்டார்கள் என்ற எரிச்சலும் அப்படியே இருக்கிறது.

போன வாரம் மூன்றாவது மாடி நண்பர் வந்தார். புது வண்டி, எட்டு மாதம், ஸ்டார்ட்டிங் கோளாறு. “ஜி, கேஸ் போட 400 ரூபாய்தானாமே?” என்றார். உட்காரச் சொல்லி காபி கொடுத்தேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியச் சொன்னேன். சில கம்பெனிகள் அந்த நிலையிலேயே இறங்கி வருகின்றன, செலவும் இல்லை. புகாரை இப்போது இ-ஜாக்ரிதி என்ற அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம் என்றும் சொன்னேன். வண்டி அவருடைய கம்பெனி பெயரில் இருக்கிறதா, சொந்தப் பெயரிலா என்று கேட்டேன். வணிகத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒரு வாதம் கிளம்பினால் அதுவே ஒரு வருடம் தின்னும். எல்லாவற்றுக்கும் முன்னால், நோட்டீஸ் அனுப்புவது தெரிவதற்குள், ஷோரூமுக்குப் போய் வண்டியின் முழு சர்வீஸ் ஹிஸ்டரியையும் பிரிண்ட் எடுத்து சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாளே போனாராம். சிஸ்டம் டவுன், திங்கள்கிழமை வாங்க என்று சொல்லியிருக்கிறார்கள்.